வீட்டுக்குப் பின்னால் மறுசுழற்சி ஆலை: அனுமதி கொடுத்தது யார், யாரிடம் கேட்பது?

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பிளாஸ்டிக் எரியும் வாடை. ஜன்னலை மூடினாலும் உள்ளே வருகிறது. தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கிறார்: "அந்த ரீசைக்கிளிங் ஃபேக்டரிக்கு லைசென்ஸ் இருக்கா, இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் 'இருக்கு', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் கிடைக்காது. மலேசியாவில் ஒரு தொழிற்சாலை இயங்க ஒரே ஓர் அனுமதி மட்டும் போதாது. நிலம் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. கட்டடமும் வியாபாரமும் இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு. புகையும் கழிவும் மூன்றாவது அலுவலகத்தின் பொறுப்பு. ஒன்றில் சரியாக இருந்து, இன்னொன்றில் சிக்கும் ஆலைகளைச் சுற்றித்தான் பல சச்சரவுகள் தொடங்குகின்றன.

உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு பிரச்சினை வந்தால் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று இங்கே பார்ப்போம். இங்கு சொல்லப்படும் திட்டமிடல், நிலச் சட்டங்கள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. கோலாலம்பூருக்கும் திட்டமிடலுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது.

ஜென்ஜாரோமில் என்ன நடந்தது?

சிலாங்கூர், கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள சிறு பட்டணம் ஜென்ஜாரோம். சுமார் 30,000 பேர் வசிக்கும் இடம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். 2018-இல் இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது.

காரணம் சீனாவில் தொடங்கியது. உலகின் பிளாஸ்டிக் கழிவைப் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2018 ஜனவரி முதல் அந்தக் கதவை மூடியது. கழிவு வேறு நாடுகளைத் தேடியது. அதில் பெரும் பங்கு மலேசியாவுக்கு வந்தது. 2018-இன் முதல் ஏழு மாதங்களில், முக்கியமான பத்து நாடுகளிலிருந்து மட்டும் மலேசியாவுக்கு வந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 456,000 டன். அதே நாடுகளிலிருந்து 2016 முழுவதும் வந்தது ஏறக்குறைய 168,500 டன்தான்.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய கொள்கலன்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது கோல லங்காட். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் தகரக் கொட்டகைகள் முளைத்தன. ராத்திரியில் எரியும் வாடை வருகிறது, மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது, இருமல் நிற்கவில்லை என்று குடியிருப்பாளர்கள் புகார் செய்தார்கள். அவர்களே ஒரு சுற்றுச்சூழல் குழுவை அமைத்து, எந்தச் சாலையில் எந்த ஆலை இருக்கிறது என்று தேடிப் பட்டியல் போட்டார்கள். அந்த மாவட்டத்தில் அனுமதியின்றி இயங்கிய 33 ஆலைகளை அதிகாரிகள் மூடினார்கள். ஆலைகள் மூடப்பட்டாலும் கழிவு போகவில்லை. 2019 தொடக்கத்தில் சுமார் 17,000 டன் குப்பை அங்கே குவிந்து கிடந்ததாகச் செய்திகள் வெளிவந்தன.

எரிப்பது ஏன்? விவசாய நிலம் ஏன்?

மறுசுழற்சி என்றாலே நல்ல விஷயம்தானே என்று தோன்றும். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் பிரச்சினை புரியும்.

மூட்டையாக வரும் பிளாஸ்டிக்கை முதலில் தரம் பிரிக்க வேண்டும். பிறகு நொறுக்கி, கழுவி, உருக்கி, சிறு மணிகளாக்கி விற்க வேண்டும். கழுவினால் அழுக்குத் தண்ணீர் வரும். உருக்கினால் வாடை வரும். இரண்டையும் கட்டுப்படுத்தக் கருவி வேண்டும், கருவிக்குப் பணம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சுத்தமான, ஒரே வகைப் பிளாஸ்டிக்கில்தான் லாபம். கலந்து வந்த மூட்டையில் விற்க முடியாத பகுதி கட்டாயம் மிஞ்சும். அதைச் சட்டப்படி அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டும். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் ராத்திரியில் எரிக்கிறார்கள், அல்லது காலி நிலத்தில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஜன்னல் வழியாக வரும் வாடை பல நேரங்களில் மறுசுழற்சியின் வாடை அல்ல. மறுசுழற்சி செய்ய முடியாமல் மிஞ்சியதன் வாடை.

இதற்கு விவசாய நிலம் வசதியாகிவிடுகிறது. வாடகை குறைவு, ஆள் நடமாட்டம் குறைவு. தொழிற்பேட்டையில் கேட்கும் கேள்விகளை அங்கே யாரும் கேட்பதில்லை. நிலத்தின் உரிமையாளர் ஒருவராகவும், ஆலை நடத்துபவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு.

மூன்று ஆவணங்கள், மூன்று அலுவலகங்கள்

மண்டலம், அதாவது 'சோன்', பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சுலபம்.

முதலாவது, நிலப்பட்டா. வீட்டில் 'கெரான்' என்று சொல்வோமே, அதுதான். தேசிய நிலச் சட்டத்தின்படி, பட்டாவில் குறிக்கப்படும் பயன்பாட்டு வகைகள் மூன்று: விவசாயம், கட்டடம், தொழில்துறை. விவசாயம் என்று எழுதியிருக்கும் நிலத்தில் ஆலை நடத்த வேண்டுமென்றால், உரிமையாளர் வகையை மாற்றக் கோரி மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் நில அலுவலகம் அபராதம் விதிக்கலாம், மீறலைச் சரிசெய்ய நோட்டீஸ் கொடுக்கலாம். கடைசிக் கட்டமாக நிலமே பறிபோகலாம். அதாவது, தெரியாத ஆளுக்கு வாடகைக்கு விட்ட உரிமையாளரும் இதில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது, ஊராட்சி மன்றத்தின் அனுமதி. இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, திட்டமிடல் அனுமதி. மலாயில் 'கெபெனாரான் மெராஞ்சாங்'. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம் வரையப்படும். எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் தொழில்துறை, எந்த இடம் விவசாயம் என்று அந்த வரைபடத்தில் இருக்கும். அதற்கு முரணான மேம்பாட்டுக்கு ஊராட்சி மன்றம் அனுமதி தரக்கூடாது. இன்னொரு பகுதி, வியாபார லைசென்ஸ். இது 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் வருகிறது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் துறை. மலாய்ச் சுருக்கம் ஜேஏஎஸ். புகை, கழிவுநீர், திறந்தவெளி எரிப்பு, ஆபத்தான கழிவு இவையெல்லாம் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் இந்தத் துறையின் பொறுப்பு. பழைய கணினி, கைப்பேசி போன்ற மின்னணுக் கழிவுகளைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு இந்தத் துறையின் தனி உரிமம் வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட இந்தச் சட்டத்தில், கடுமையான சில குற்றங்களுக்கு உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது.

இதோடு, வெளிநாட்டுக் கழிவை இறக்குமதி செய்யத் தனி ஒப்புதல் தேவை. அது மத்திய அரசின் கையில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில், லைசென்ஸ் ஊராட்சி மன்றத்தின் கையில், கொள்கலன் மத்திய அரசின் கையில். ஜென்ஜாரோம் விவகாரத்தில் பொதுமக்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைய நேர்ந்ததன் காரணம் இப்போது புரிகிறதா?

எந்தக் குற்றச்சாட்டு என்பது ஏன் முக்கியம்?

ஒரு கற்பனை உதாரணம். ஒருவர் விவசாய நிலத்தில் கொட்டகை போட்டு பிளாஸ்டிக் உருக்குகிறார். அவர்மீது எந்தச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறும்.

லைசென்ஸ் இல்லை என்று மட்டும் வழக்குப் போட்டால், ஊராட்சிச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 2,000 ரிங்கிட், அல்லது ஓராண்டு வரை சிறை. நீதிபதி அபராதத்தோடு விட்டுவிட்டால், கொள்கலன் கணக்கில் வியாபாரம் செய்பவருக்கு அது டீச்செலவு மாதிரி.

அதையே திட்டமிடல் அனுமதியில்லாமல் நிலத்தைப் பயன்படுத்திய குற்றமாகக் கொண்டுபோனால், அபராதம் 500,000 ரிங்கிட் வரை, சிறை இரண்டு ஆண்டுகள் வரை. குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 5,000 ரிங்கிட் வரை விதிக்கலாம்.

ஒரே கொட்டகை, ஒரே புகை. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 250 மடங்கு வித்தியாசம். "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்ற பதில் கிடைத்தால், "எந்தச் சட்டத்தின் கீழ்?" என்று அடுத்த கேள்வி கேட்பது இதனால்தான் அவசியம்.

தொழிற்பேட்டைக்குள் இருந்தால் பிரச்சினை இல்லையா?

இல்லை என்று சொல்ல முடியாது. பாசிர் கூடாங் அதற்குச் சாட்சி.

ஜொகூரில் உள்ள பாசிர் கூடாங், திட்டம் போட்டு உருவாக்கப்பட்ட தொழில் நகரம். 2019 மார்ச்சில் அங்குள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பழைய டயர்களை மறுசுழற்சி செய்வதோடு தொடர்புடைய எண்ணெய்க் கழிவு அது என்று அதிகாரிகள் கூறினர். ஆற்றிலிருந்து கிளம்பிய வாயுவைச் சுவாசித்த மாணவர்கள் வாந்தி, மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போனது. 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, தொழில்துறை மண்டலம் என்று வரைபடத்தில் சிவப்பு, ஊதா பூசினால் போதாது. ஆலைக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே போதுமான இடைவெளி வேண்டும். 'சோன் பெனாம்பான்' எனப்படும் இந்த இடைவெளிக்குச் சுற்றுச்சூழல் துறை வழிகாட்டி வைத்திருக்கிறது. இலகு, நடுத்தர, கனரகத் தொழில் என்று வகைப்படுத்தி, தொழில் கனமாக ஆக இடைவெளி சில நூறு மீட்டர் வரை அதிகரிக்கும். சிக்கல் என்னவென்றால், சில இடங்களில் ஆலை முதலில் வந்தது, வீடுகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. இன்னும் சில இடங்களில் அது தலைகீழ்.

இரண்டு, மண்டலம் ஆலையின் இடத்தைத்தான் கட்டுப்படுத்தும். வாசலைத் தாண்டிப் போகும் லாரியை அது கட்டுப்படுத்தாது. அதற்கு ஆய்வும் கண்காணிப்பும் வேண்டும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டால் தீர்ந்ததா?

கோபத்தில் நமக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் சிலாங்கூரில் சோதனைகள் தீவிரமானபோது, வடக்கே கெடாவின் சுங்கை பட்டாணியில் புகார்கள் கிளம்பின. ஓர் ஊரின் நிம்மதி இன்னோர் ஊரின் தலைவலியானது.

கதவை வாசலிலேயே மூடும் முயற்சிகளும் நடந்தன. 2019 மே மாதம் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ இன், கிள்ளான் துறைமுகத்தில் கழிவுக் கொள்கலன்களைத் திறந்துகாட்டி, வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2025 ஜூலை முதல் விதிகள் மேலும் இறுகின. பாசல் ஒப்பந்தத்தில் இணைந்த நாடுகளிலிருந்து மட்டுமே பிளாஸ்டிக் கழிவு வரலாம், அதற்கும் சிரிம் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் இறக்குமதி முழுவதும் நின்றாலும் நம் வீட்டுக் குப்பை நிற்காது. அதை யாராவது, எங்காவது மறுசுழற்சி செய்தாக வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆட்களின் கதையும் வருகிறது. பழைய இரும்பு, மறுபயன்பாட்டுப் பொருள் தொழிலில் மலேசிய இந்தியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அப்பா காலத்தில் தொடங்கிய 'பெசி புரோக்' கடை, ஒரு லாரி, நான்கைந்து தொழிலாளர்கள். இவர்களுக்கு ஊராட்சி மன்ற லைசென்ஸ் மட்டும் போதாது. பழைய பொருள் வணிகர்களுக்கான 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போலீஸ் உரிமமும் வேண்டும். சிலர் அரசு நிலத்தில் தற்காலிக உரிமத்தோடு இருக்கிறார்கள். அது ஆண்டுதோறும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு நிலைக்குமா என்று தெரியாத இடத்தில் சிமெண்டுத் தரை போடவும் வடிகால் கட்டவும் யார் முன்வருவார்கள்? தொழிற்பேட்டையில் இடம் வாங்க முதல் இல்லை. விவசாய நிலத்தை மாற்ற பிரிமியம் கட்ட வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். ராத்திரியில் பிளாஸ்டிக் எரிப்பவரும், பகலில் இரும்பு எடை போடுபவரும் சோதனை நாளில் ஒரே பட்டியலில் வந்துவிடுகிறார்கள்.

இதற்காகத்தான் சிலாங்கூர் அரசு 'பெமுத்திஹான்' என்ற பெயரில், அனுமதியில்லாத தொழிற்சாலைகளைச் சட்டப்பூர்வமாக்கும் திட்டத்தை நடத்தியது. இதற்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. ஒழுங்காக நடத்த விரும்புகிறவருக்கு ஒரு வழி வேண்டும் என்பது ஒரு வாதம். முதலில் சட்டத்தை மீறிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்றால், முறையாக விண்ணப்பித்தவன் முட்டாளா என்பது மறுவாதம். அந்த ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த இரண்டு வாதத்தையும்விட முக்கியமானது ஒன்று: சட்டப்பூர்வமாக்கும்போது தங்களை யாராவது கேட்டார்களா?

அப்படியென்றால், மக்களுக்கு எப்போது பேச வாய்ப்பு?

சட்டம் வாய்ப்பைக் கொடுக்கிறது. ஆனால் நாம் நினைக்கும் நேரத்தில் அல்ல.

ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைத் தயாரித்ததும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவரும் எழுதலாம். உங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் நிலம் அடுத்த பல ஆண்டுகளுக்கு என்னவாக இருக்கும் என்று முடிவாவது இந்தக் கட்டத்தில்தான். பிரச்சினை என்னவென்றால், அந்த நேரத்தில் புகையும் இருக்காது, வாடையும் இருக்காது. அதனால் கண்காட்சி நடக்கும் மண்டபம் பல நேரங்களில் காலியாக இருக்கும்.

உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால் வேறு விதி. அங்கே யாராவது திட்டமிடல் அனுமதி கேட்டால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். 'உரிமையாளர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது. திட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்திலோ, இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டிய கட்டாயம் இந்தப் பிரிவில் இல்லை. வரைபடத்தில் ஒருமுறை 'தொழில்துறை' என்று எழுதிவிட்டால், பிறகு வரும் ஒவ்வோர் ஆலைக்கும் உங்களைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நீதிமன்றம் கடைசிப் படி. 2023-இல் தாமான் ரிம்பா கியாரா வழக்கில், கோலாலம்பூர் மாநகர மன்றம் கொடுத்த மேம்பாட்டு ஆணையை இரத்துச் செய்த முடிவைக் கூட்டரசு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அங்குள்ள குடியிருப்பாளர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றும் ஏற்றுக்கொண்டது. அது ஆலை பற்றிய வழக்கு அல்ல, பூங்கா நிலம் பற்றியது. தலைநகரின் தனிச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும், திட்டமிடல் முடிவுகளைக் குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கேட்க முடியும் என்பதற்கு அது பெரிய பலம். அந்தச் சண்டைக்கு ஆண்டுக்கணக்கில் காலமும் பணமும் செலவானதையும் மறந்துவிடக் கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். பிளான்மலேசியாவின் 'ஐ-பிளான்' தளத்தில் நிலத்தின் இப்போதைய பயன்பாட்டையும் மண்டலத்தையும் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியிலேயே செய்துவிடலாம்.

அடுத்து பட்டா. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எனப்படும் தேடல் செய்தால், நிலத்தின் வகையும் உரிமையாளர் யார் என்பதும் தெரியும். நிலத்தின் லாட் எண் தேவைப்படும்.

மூன்றாவது, எழுத்தில் கேளுங்கள். "லைசென்ஸ் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். நிலத்தின் வகை என்ன, திட்டமிடல் அனுமதி எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டது, லைசென்ஸில் என்ன தொழில் என்று எழுதியிருக்கிறது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். 'கிடங்கு' என்று லைசென்ஸ் எடுத்துவிட்டு உள்ளே உருக்கு உலை ஓட்டினால், இந்தக் கேள்வியில்தான் அது வெளியே வரும். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரத்துக்கான மாநிலச் சட்டம் இருக்கிறது. பதில் வராவிட்டால் அதன் கீழ் விண்ணப்பிக்கலாம்.

நான்காவது, பதிவு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் வாடை இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எரித்தால், காலை பத்து மணிக்கு வரும் அதிகாரி எதையும் பார்க்கமாட்டார். ஒரு மாதக் குறிப்பு இருந்தால், எப்போது வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். புகைப்படத்தைப் பொதுச் சாலையிலிருந்து எடுங்கள், ஆலை வளாகத்துக்குள் போகாதீர்கள். புகைக்கும் கழிவுநீருக்கும் சுற்றுச்சூழல் துறை, நிலத்துக்கு நில அலுவலகம், கட்டடத்துக்கும் லைசென்ஸுக்கும் ஊராட்சி மன்றம் என்று தனித்தனியாகப் புகார் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊராட்சி மன்றத்தின் இணையப் பக்கத்தையோ சமூக ஊடகப் பக்கத்தையோ இன்றைக்கே பின்தொடருங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும் அறிவிப்பு அங்கே வரும். நாளிதழில் மலாய் மொழியில் சின்னதாக ஒரு விளம்பரமும் வரலாம். வீட்டில் பெரியவர்களுக்கு அது கண்ணில் படாமல் போகலாம், பட்டாலும் என்ன சொல்கிறது என்று புரியாமல் போகலாம். இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள் அதைப் படித்து, தாமான் குழுவில் தமிழில் இரண்டு வரி போட்டாலே, அந்த நான்கு வாரம் வீணாகாது.